நாரையார் சொன்ன நாலும் கீரி சொன்ன பத்தும்

ஒரு காட்டாற்றின் வடகரையில் இருந்த விலங்குகளுக்கும் தென்கரையில் இருந்த விலங்குகளுக்கும் எதிலும் ஒத்துப்போகாது. வடகரைக்காரர்கள் நாவல் பழம் இனிக்கிறது என்றால், தென்கரைக்காரர்கள் துவர்க்கிறது என்பார்கள். இரண்டு பேரும் தின்றது ஒரே மரத்துப் பழமாக இருக்கும்.

வருடத்தில் ஒரு நாள், மழைக்காலம் முடிந்து ஆற்றோரப் புல்வெளி காய்ந்ததும், இரு கரைக் குட்டிகளும் அங்கே பந்தாடுவார்கள். காட்டுக்கொடிகளை இறுக்கிச் சுற்றிக் கட்டிய பந்து. இரு முனையிலும் மூங்கில் நட்டு கோல் வாசல். ஆடுவது குட்டிகள்தான். ஆனால் அதற்காகத் தூக்கத்தைத் தொலைப்பது பெரியவர்கள்.

அப்படித் தூக்கத்தைத் தொலைத்தவர்களில் முதல் ஆள் செங்கண்ணன் என்ற கீரி. அவன் வடகரைக்காரன். பிறந்ததிலிருந்து அவன் பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனால் பந்தாட்டத்தைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், மேய்கிற மான்கூட மேய்வதை விட்டுவிட்டுக் கேட்கும். ஆற்றின் நடுவே ஒரு தட்டைப் பாறை உண்டு. சாயங்காலமானால் இரு கரைக்காரர்களும் அங்கே கூடி ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பாறையில் செங்கண்ணன் வைத்ததுதான் சட்டம்.

அவனுடைய உயிர் நண்பன் எதிர்க்கரைக்காரன். ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி. ஒரு கோடையில் வடகரைக் காட்டில் தீப்பிடித்தபோது ஆற்றைத் தாண்டி வந்து செங்கண்ணனைத் தன் வளைக்குள் இழுத்துப் போட்டுக் காப்பாற்றியவன் அவன்தான். அன்றிலிருந்து ஒருவரையொருவர் மச்சான், மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பாறையில் செங்கண்ணன் பேசுவான். ஊசியப்பன் கிழங்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பான். பல வருடங்களாக இது இப்படியே நடந்து வந்தது.

ஆட்டத்தில் எப்போதும் வடகரைதான் ஜெயிக்கும். அங்கே மான்குட்டிகள் ஆடினார்கள், தென்கரைக்கோ பன்றிக்குட்டிகள். ஓட்டத்தில் யார் முந்துவார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜெயிப்பது யார் என்று பந்தயம் கட்டினால் அதில் ஒரு ருசியும் இருக்காது. அதனால் எத்தனை கோல் வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள் என்று கட்டுவார்கள். ஆட்டத்துக்கு வெகு நாள் முன்பே அந்த எண்ணைச் சொல்லிவிடுவது நாரையாரின் வேலை. அவர் எந்தக் கரையையும் சேராதவர். இரண்டு பக்கப் பயிற்சியையும் ஒற்றைக் காலில் நின்று பார்த்துவிட்டு வந்து எண்ணைச் சொல்வார். அதற்கு மேல் போகும் என்பவர்கள் பாறையின் ஒரு பக்கம் உட்கார வேண்டும். அவ்வளவு போகாது என்பவர்கள் மறுபக்கம். தோற்ற பக்கத்துக்காரர்கள் அடுத்த ஆட்டம் வரை பாறையில் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. செங்கண்ணனுக்கோ, வருடம் முழுக்கப் பேசாமல் உட்காருவது சாவுக்குச் சமம்.

அந்த வருடம் நாரையார் பாறைக்கு வந்து, சிறகைக் கோதிவிட்டு, "நாலு" என்றார்.

"நாலா?" செங்கண்ணன் சிரித்தான். "நாரையாருக்குக் கண்ணுல சதை வளந்துடுச்சு போல. பத்துக்கு ஒண்ணு குறையட்டும், அப்புறம் என்னைக் கேளுங்க."

வடகரைக்காரர்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் ஊசியப்பன் கடித்துக்கொண்டிருந்த கிழங்கைக் கீழே வைத்தான்.

"ரெண்டு" என்றான்.

"என்ன சொன்னே மச்சான்?"

"ரெண்டு. ஜெயிக்கப்போறது நீங்கதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டுக்கு மேல போகாது."

"எதை வச்சுச் சொல்றே?"

"தோணுது மாப்ளே. அவ்வளவுதான்."

அவனுக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆனால் அதை அவன் சொல்லவில்லை. ஊசியப்பனின் மகன் கூரன்தான் தென்கரையின் கோலில் நிற்பவன். போன வருடம்தான் முதன்முதலாக நின்றான். முள்ளம்பன்றிக்குப் பயம் வந்தால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு முதுகைக் காட்டும். அது அதன் பிறவிக் குணம். பந்து தன்னை நோக்கிப் பாய்ந்து வரும்போதெல்லாம் கூரனும் அப்படியே திரும்பிக்கொண்டான். பந்து அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அதன் பிறகு கோடை முழுவதும் அப்பனும் மகனும் காய்ந்த ஓடையில் தனியாகப் பழகினார்கள். ஊசியப்பன் விளாங்காயை உருட்டிவிடுவான். கூரன் முள்ளை மடக்கி, முகத்தை நேரே வைத்து, நடுங்கிக்கொண்டே நிற்பான். மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது. பிறகு ஒரு காய்கூட அவனைத் தாண்டவில்லை. வெளியே சொன்னால் பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்று ஊசியப்பன் உயிர் நண்பனிடம்கூட மூச்சுவிடவில்லை.

செங்கண்ணனுக்கு இது தெரியாது. பேசாமல் சிரித்துக்கொண்டிருந்த நண்பன் திடீரென்று எதிர்த்துப் பேசுகிறான் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. அது அவனுக்கு உறுத்தியது.

சாயங்காலத்துக்குச் சாயங்காலம் சண்டை முற்றியது. மான்குட்டிகளின் கால் நீளம் என்ன, பன்றிக்குட்டிகளின் தோள் பலம் என்ன, புல்லில் ஈரம் இருந்தால் யாருக்கு லாபம், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று எல்லாவற்றையும் அலசினார்கள். செங்கண்ணன் பத்தை விட்டு இறங்கவில்லை. ஊசியப்பன் இரண்டை விட்டு ஏறவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மயிலுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேருமே வடகரைதான் ஜெயிக்கும்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்குச் சண்டை?" என்று கேட்டது.

"உனக்குப் புரியாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போன கடைசி விஷயம் அதுதான்.

ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, ஒரு தென்கரைப் பன்றி நாரையாரிடம் கேட்டது. "ஐயா, நீங்க முதல்ல அஞ்சுன்னு சொல்லத்தான் நெனச்சீங்களாமே?"

"ஆமாம்" என்றார் நாரையார். "தென்கரைப் பயிற்சியைப் பார்த்த பிறகு ஒன்றைக் குறைத்தேன். அங்கே கோலில் நிற்கிறவன் நன்றாகத் தேறியிருக்கிறான்."

பாறை முழுவதும் முணுமுணுப்பு எழுந்தது. செங்கண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முயல், நைசாக எழுந்து ஊசியப்பன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்து இரண்டு அணில்களும் போயின. ஊசியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். மகனைப் பற்றி நாரையாரே சொல்லிவிட்டார் என்ற சந்தோஷத்தை மறைக்கத்தான் குனிந்தான். செங்கண்ணனுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தெரிந்தது.

அவனுக்கு முகம் சிவந்தது. இத்தனை வருடம் கட்டிக்காத்த பெயர் ஒரு முயலோடு எழுந்து போவதை அவன் கண்ணால் பார்த்தான். எதையாவது சொல்லி இழுத்துப் பிடிக்க வேண்டும். சொன்னான்.

"யாரு, நம்ம கூரனா? தேறிட்டானா? பயந்தா முதுகைக் காட்டுற வம்சம் அது. பழகினா மாறுமா? போன வருஷம் அவன் காட்டின முதுகைப் பாத்துச் சிரிச்சே எங்க மான்குட்டிங்க களைச்சுப் போச்சுங்க. அவனை கோல்ல நிறுத்துறதுக்குப் பதிலா ஒரு முள்ளுச்செடிய நட்டு வைக்கலாம். அதுவாவது வச்ச இடத்துல நிக்கும்."

பாறை அதிர்ந்தது. வடகரைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தென்கரைக்காரர்களிலும் சிலர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். முயல் எழுந்து பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

சிரிப்பு அடங்கும்போது சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. முள்ளோடு முள் உரசும் சத்தம்.

பாறையின் கீழே, தண்ணீர் ஓரத்தில் கூரன் நின்றிருந்தான். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட வந்தவன். அவன் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. அதை மடக்கப் பார்த்தான். மடங்கவில்லை. செங்கண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வீட்டுக்குப் புறப்பட்டான். புறப்பட்டால் திரும்பித்தானே ஆக வேண்டும்? திரும்பினான். முதுகு தெரிந்தது. அதற்கும் யாரோ சிரித்தார்கள்.

ஊசியப்பன் பாறையிலிருந்து இறங்கினான்.

"பிள்ளைய விட்டிருக்கலாம் மாப்ளே" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தண்ணீரில் இறங்கி மகன் பின்னாலேயே போய்விட்டான்.

அன்று செங்கண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுதானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். 'நாளைக்கு மச்சான் வந்துடுவான். எல்லாம் சரியாயிடும்.'

மறுநாள் ஊசியப்பன் பாறைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். தாண்டிப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். செங்கண்ணனுக்கும் அது தெரியும். தண்ணீர் வரைக்கும் போனான். காலைக்கூட நனைத்துவிட்டான். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. இப்போது போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? கீரி பயந்துவிட்டான், பத்தும் போச்சு, கெஞ்சப் போகிறான் என்பார்கள். 'ஆட்டம் முடியட்டும். ஜெயிச்ச கையோட போய் மச்சானைக் கட்டிப் பிடிச்சுக்கலாம். ஜெயிச்சவன் மன்னிப்புக் கேட்டா பெருந்தன்மை. இப்பக் கேட்டா அது தோல்வி.' இப்படி நினைத்துக் காலை உதறிக்கொண்டு திரும்பிவிட்டான். பாவி, அன்றைக்குத் தாண்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆட்ட நாள் வந்தது. புல்வெளியைச் சுற்றி இரு கரைக் கூட்டமும் நெருக்கியடித்து உட்கார்ந்தது. செங்கண்ணன் தென்கரை கோலைப் பார்த்தான். அங்கே கூரன் இல்லை. முன்வரிசையில் ஓடிப் பழகிய ஒரு சின்னப் பன்றிக்குட்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பந்து எந்தப் பக்கம் வருகிறது என்றே தெரியவில்லை.

முதல் கோல் உடனே விழுந்தது. அடுத்தடுத்து விழுந்தன. நாலு ஆனதும் வடகரை எழுந்து நின்று ஆடியது. ஆறு ஆனது. அதற்குப் பிறகு யாரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, எண்ணிக்கையைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். பத்தாவது கோல் விழுந்தபோது செங்கண்ணன் துள்ளிக் குதித்தான். "பாத்தியா மச்சான்?" என்று பக்கத்தில் திரும்பினான். பக்கத்தில் இருந்தது முயல்.

"பாத்தேன், பாத்தேன்" என்றது முயல்.

பதினொன்றோடு ஆட்டம் முடிந்தது. தென்கரை ஒரு கோலும் போடவில்லை. கோலில் நின்ற பன்றிக்குட்டி அங்கேயே உட்கார்ந்து அழுதது. வடகரைக்காரர்கள் செங்கண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையைச் சுற்றி வந்தார்கள். "பத்துன்னு அன்னைக்கே சொன்னாரு" என்று ஊரெல்லாம் கேட்கக் கத்தினார்கள். அவன் காதுக்கு அது இனிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

நாரையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"செங்கண்ணா, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் நாலு என்று சொன்னது கூரன் நிற்பான் என்று நினைத்துத்தான். அவன் நிற்கமாட்டான் என்று உனக்கு மட்டும் எப்படி முன்பே தெரிந்தது?"

அவர் குத்திக்காட்டவில்லை. தன் கணக்கு எங்கே தப்பியது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

செங்கண்ணன் தன்னைத் தூக்கியவர்களின் தோளிலிருந்து கீழே இறங்கினான். கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருக்கும்போதே ஆற்றைத் தாண்டித் தென்கரைக்கு நடந்தான்.

ஊசியப்பன் தன் வளை வாசலில் கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தான். செங்கண்ணனைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"வா மாப்ளே. உக்காரு. பதினொண்ணாமே? சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு."

செங்கண்ணன் உட்காரவில்லை. "மச்சான், கூரனைப் பாக்கணும்."

"உள்ளதான் இருக்கான். கூப்பிடு."

செங்கண்ணன் வளை வாசலில் குனிந்தான். "கூரா, மாமா வந்திருக்கேன். கொஞ்சம் வெளிய வாடா கண்ணு."

கூரன் வெளியே வந்தான். "வாங்க மாமா" என்றான், எப்போதும் போல மரியாதையாக. கோபம் எதுவும் தெரியவில்லை. அவன் கோபமாக இருந்திருந்தால் செங்கண்ணனுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன்டா ஆட வரல?"

"நீங்க சொன்னது சரிதான் மாமா. அதான் வரல."

"அய்யோ, அது சும்மா சொன்னதுடா. வாய்க்கொழுப்பு. முயல் எந்திரிச்சுப் போச்சேன்னு ஆத்திரத்துல உளறிட்டேன். நீ நின்னிருந்தா நாலுதான் போயிருக்கும். நாரையாரே சொல்றாரு, போய்க் கேட்டுப் பாரு."

"நாரையார் சொன்னது தப்பாயிடுச்சே மாமா. நீங்க பத்துன்னு சொன்னீங்க, பதினொண்ணு போச்சு. உங்க கணக்குத்தான் சரி."

"நீ இல்லாததுனாலதான்டா பதினொண்ணு போச்சு."

கூரன் யோசித்தான். "நான் நின்னிருந்தா பதினஞ்சு போயிருக்கும். பந்தாட்டம் உங்க அளவுக்கு யாருக்கும் தெரியாதுன்னு அப்பாவே சொல்லுவாரு."

செங்கண்ணன் ஊசியப்பனைப் பார்த்தான். ஊசியப்பன் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு செங்கண்ணன் பேசினான். வாழ்நாளில் அவன் அப்படிப் பேசியதில்லை. பன்றிக்குட்டி எந்தெந்தப் பந்தைக் கோட்டைவிட்டது, அதில் கூரன் எதை எதைப் பிடித்திருப்பான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். விளாங்காய் உருட்டிப் பழகியதைக் கேட்டறிந்து, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கினான். பயந்தால் யார்தான் திரும்ப மாட்டார்கள், நான்கூட எத்தனை பாம்பைப் பார்த்து ஓடியிருக்கிறேன் என்றான். கூரன் ஒரு சொல்லும் விடாமல் பொறுமையாகக் கேட்டான்.

"நான் வருத்தப்படக் கூடாதுன்னு இப்படிச் சொல்றீங்க மாமா. நீங்க நல்லவரு" என்றான் கடைசியில். "எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. அடுத்த வருஷம் வேற யாராவது நல்லா நிப்பாங்க. அம்மாவுக்குக் கிழங்கு எடுத்து வைக்கணும், போயிட்டு வரேன்."

பாறையில் யாரிடமும் தோற்காத செங்கண்ணன், ஒரு சின்னப் பிள்ளையிடம், அவன் கோலில் நன்றாக நிற்கக்கூடியவன் என்று நிரூபிக்க முடியாமல் நின்றான். நிரூபிக்க இருந்தது ஒரே ஒரு ஆட்டம். அதுவும் முடிந்துவிட்டது.

கூரன் வளைக்குள் போனான். முகத்தைச் செங்கண்ணன் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னங்காலால் வழியைத் தடவித் தடவி, பின்னோக்கியே நடந்து உள்ளே போனான். வாசல் கல்லில் ஒரு முறை இடித்துக்கொண்டான். அப்போதும் திரும்பவில்லை.

செங்கண்ணன் ஊசியப்பன் பக்கம் திரும்பினான். "ஏன் மச்சான் இப்படிப் போறான்?"

"இப்பல்லாம் இப்படித்தான்" என்றான் ஊசியப்பன். "யாருக்கும் முதுகைக் காட்டுறதில்ல. அவங்க அம்மாவுக்குக்கூட."

"மச்சான், என்னை ரெண்டு அடி அடிச்சுடேன்."

"அடிச்சா என்ன மாப்ளே ஆகப்போகுது?" ஊசியப்பன் ஒரு கிழங்கை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான். "சாப்பிடு."

செங்கண்ணனால் அதைத் தொட முடியவில்லை. திரும்பி ஆற்றை நோக்கி நடந்தான்.

பாறையில் கூட்டம் கலையவில்லை. அடுத்த வருடத்து வித்தியாசத்தைப் பற்றி அதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "ஒன்பது" என்றது ஒரு வடகரை மான். "பன்னிரண்டு" என்றது முயல். செங்கண்ணனைக் கண்டதும் எல்லாரும் வழிவிட்டார்கள். "வாங்க வாங்க, நீங்க சொல்லுங்க. எத்தனை?"

"எனக்குச் சொல்லத் தெரியல" என்று சொல்லிவிட்டு, அவன் நிற்காமல் தன் கரைக்குப் போய்விட்டான்.

வாதத்தில் ஜெயிப்பதற்காக ஒரு பிள்ளையை இழிவாகப் பேசிவிட்டால், அந்தப் பிள்ளை அதை நம்பிய பிறகு நாமே போய்ப் பொய் என்று சொன்னாலும் அந்தச் சொல் திரும்பி வராது.